பாதிக் கண்ணாடி

அத்தியாயம் ஏழு

காவல் நிலையத்தின் பின்முற்றத்தில் நின்றிருந்த அந்தக் காரைப் பார்த்ததும் ரேடியோ முதலில் கேட்டது, “சார், இது காரா, காம்பவுண்டுச் சுவரா?” என்பதுதான்.

கேள்வியில் தப்பே இல்லை. ஜன்னல் கம்பிக்கு அடிக்கிற வெள்ளை எனாமலை வாங்கி, சுவருக்கு அடிக்கிற ரோலரால் உருட்டித் தள்ளிய கார் அது. கதவுகளில் பெயின்ட் வழிந்த இடமெல்லாம் வழிந்தபடியே காய்ந்திருந்தது. கூரையில் இரண்டு கொசுவும் ஒரு எறும்பும் நிரந்தரமாகக் குடியேறியிருந்தன. கண்ணாடிகளைச் சுற்றியிருந்த கறுப்பு ரப்பர் முழுக்க வெள்ளை கசிந்து, பால் குடித்துவிட்டு வாய் துடைக்காத குழந்தை மாதிரி இருந்தது.

ரேடியோ என்பது அவள் பெற்றோர் வைத்த பெயரில்லை. ஏழு வருடம் பஸ் நிலையத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்பு சொன்னவள். வாயை மூடினால் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள் என்ற பயம் அவளுக்கு இன்னும் போகவில்லை. அவள் முதலாளிக்கும் பெயர் தேய்ந்து வேலைதான் மிச்சம். இன்சூரன்ஸ் கம்பெனிக்காக இருபது வருடம் நசுங்கிய வண்டிகளைப் பார்த்துப் பார்த்து எழுதிக் கொடுத்தவர் என்பதால் சர்வேயர். இப்போது துப்பறிகிறார். பத்து வார்த்தை பேச வேண்டிய இடத்தில் மூன்றில் முடித்துக்கொள்வார்.

இவர்கள் இருவருக்கும் இரண்டடி பின்னால், கைப்பையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்தபடி நின்றிருந்தாள் அக்கா. அந்தக் காருக்கு வெள்ளையடித்த புண்ணியவானுக்கு அக்கா. அவன் அப்படிக் கூப்பிடப் போய்த் தெருவே கூப்பிட்டு, இப்போது காவல் நிலையத்தில்கூட அவளை “அக்கா, ஓரமா உக்காருங்க” என்றார்கள்.

தம்பி உள்ளே போய்ப் பன்னிரண்டு நாள் ஆகிறது. அந்தப் பன்னிரண்டு நாளாக அவள் அழவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் போல மனசு மரத்துக் கிடந்தது. சோறு வடித்தாள், துணி துவைத்தாள், தம்பிக்கு டிபன் கட்டிக் கொடுத்தாள். எதுவும் தன் கையால் நடப்பதாகவே தோன்றவில்லை. அழுதால் தேவலை என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னபோது, சரி என்று தலையாட்டிவிட்டு அடுப்பைத் துடைக்கப் போய்விட்டாள்.

நடந்தது இதுதான். ஒரு புதன்கிழமை, விடிந்தும் விடியாத நேரம். இரவு வேலை முடித்துச் சைக்கிளில் வீடு திரும்பிய காவலாளி ஒருவரை ஒரு வண்டி ஓரமாக இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. மனிதர் அங்கேயே போய்ச் சேர்ந்தார். சைக்கிளின் மட்கார்டில் வெள்ளைப் பெயின்ட் ஒட்டியிருந்தது, நகம் பட்டால் பள்ளம் விழுகிற அளவுக்குப் புதுசு. அந்த வட்டாரத்தில் அந்த வாரம் வீட்டிலேயே காருக்கு வெள்ளையடித்த ஒரே ஆள் தம்பி. அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை ஜீப் வந்து நின்றது.

தம்பி சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வாடகைக்கு ஓட்டப் பெர்மிட் வேண்டுமென்றால் கார் வெள்ளையாக இருக்க வேண்டும். பட்டறையில் கேட்ட தொகைக்கு அந்தக் காரையே இன்னொரு தடவை வாங்கிவிடலாம். அதனால் தானே அடிக்க முடிவு செய்தான். இரண்டு ஞாயிற்றுக்கிழமை, இரண்டு பூச்சு. முதல் ஞாயிறே விளக்குகளையும் நம்பர் பிளேட்டையும் கழற்றிவிட்டான், கண்ணாடிகளைக் காகிதத்தால் மூடிவிட்டான். அடுத்த ஞாயிறு வரை கார் கொட்டகையை விட்டு நகரவே இல்லை என்று சத்தியம் செய்தான். காகிதம் என்ன இரும்பா, பிய்த்துவிட்டு மறுபடி ஒட்ட முடியாதா என்று கேட்டார் இன்ஸ்பெக்டர். முன் மூலையில் பெயின்ட்டுக்குக் கீழே புதுசாகப் பட்டி வைத்து அடைத்த நெளிசல் ஒன்றும் இருந்தது. அது எப்படி வந்தது என்று தம்பிக்குத் தெரியவில்லை. காரில் ஏற்கெனவே பதினெட்டு நெளிசல், பத்தொன்பதாவதை அவன் கண்ணைத் திறந்து பார்க்காமலே அடைத்துத் தொலைத்திருக்கிறான்.

நாளைக் காலை கோர்ட். அதற்குள் ஏதாவது கிடைக்காவிட்டால் அவனைப் பெரிய சிறைக்கு மாற்றிவிடுவார்கள். வழக்கு முடிய வருடக்கணக்கில் ஆகலாம் என்று வக்கீல் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்.

சர்வேயர் காரை இரண்டு முறை சுற்றி வந்தார். மூன்றாவது சுற்றில் முன் கண்ணாடி ரப்பரின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே போனவர் ஓரிடத்தில் நின்றார்.

“இதுல என்னென்ன தப்பு இருக்கு, சொல்லு” என்றார் ரேடியோவிடம்.

அவள் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள். வழிசல், ரோலர் விட்டுப் போன பஞ்சு, கொசு, உப்புத்தாள் தேய்க்காமல் விட்ட திட்டுகள், பெட்ரோல் மூடியையும் சேர்த்து அடித்து ஒட்ட வைத்தது. இரண்டு கையும் தீர்ந்த பிறகு, கால் விரலுக்குப் போகலாமா என்று கேட்டாள்.

“போதும். இப்ப எது சரியா இருக்கு, சொல்லு.”

ரேடியோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்தினாள். குனிந்து பார்த்தாள். முன் கண்ணாடியின் பாதி, ஓட்டுகிறவர் உட்காரும் பக்கம், அந்தப் பாதியைச் சுற்றி மட்டும் ரப்பர் சுத்தமாக இருந்தது. ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி வெள்ளை அங்கே நின்றுவிட்டிருந்தது. மற்ற எல்லா இடத்திலும் கசிவு.

“ஒரு மனுஷன் கார் முழுக்கச் சொதப்பிட்டு, இங்க மட்டும் எப்படி சார் திருந்தினான்?” என்றாள்.

அதுதான் தனக்கும் தெரிய வேண்டும் என்றார் சர்வேயர். பிறகு அக்காவிடம் திரும்பி, அந்தக் காகிதங்களையெல்லாம் தம்பி என்ன செய்தான் என்று கேட்டார்.

அவன் எதையும் தூக்கிப் போட மாட்டான் என்றாள் அக்கா. தேய்ந்த உப்புத்தாளைக்கூடக் காய வைத்து எடுத்து வைப்பான். எல்லாம் கொட்டகையில் ஒரு சாக்கில் கிடக்கும்.

வீடு அரை மணி நேரத் தூரம். முன்பக்கம் அவள் கணவரின் தையல்கடை, நடுவில் அவர்கள் குடியிருப்பு, பின்னால் கொட்டகை, அதை ஒட்டித் தம்பியின் அறை. பக்கவாட்டுச் சந்து வழியாகவே பின்னால் போய்விடலாம். போகும்போது கடையிலிருந்து மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. சர்வேயரைப் போய்ப் பார் என்று அவளை அனுப்பியதே கணவர்தான். காவல் நிலையத்துக்குத் தினமும் டிபன் கொண்டு போகிறவரும் அவர்தான். இந்தப் பன்னிரண்டு நாளில் மனிதர் பாதியாக இளைத்துவிட்டார். மச்சான் மேல் இவ்வளவு பாசமா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

கொட்டகைத் தரையில் இன்னும் வெள்ளைச் சொட்டுகள். தூசி பறக்காமல் இருக்க ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தத் தரைக்குக் குடம் குடமாகத் தண்ணீர் தெளித்தது அவள்தான். ரேடியோ சாக்கைக் கவிழ்த்தாள். பெயின்ட் காய்ந்து விறைத்த செய்தித்தாள்கள் அப்பளம் போல நொறுங்கிக்கொண்டு விழுந்தன.

சர்வேயர் முழங்காலில் உட்கார்ந்து, எந்தத் தாள் எந்தக் கண்ணாடியை மூடியது என்று வடிவம் பார்த்துத் தரையில் பரப்பினார். முன் கண்ணாடிக்கு இரண்டு பெரிய தாள், பாதிக்கு ஒன்று. ஓட்டுகிறவருக்குப் பக்கத்து இருக்கையின் தாள் மூன்று வருடப் பழசு. பல்லால் கிழித்தது போல ஓரம், கோணல்மாணலாக ஒட்டிய டேப். மற்ற கண்ணாடிகளின் தாள்களும் அதே பழைய கட்டிலிருந்து எடுத்தவைதான், அதே கோணல்தான்.

ஓட்டுகிறவர் பக்கத் தாள் மட்டும் வேறு ஜாதியாக இருந்தது. ஓரம் உள்பக்கமாக மடித்து, நேராக இருந்தது. தேதி தெரியவில்லை, அது மடிப்புக்குள் போய்விட்டிருந்தது. சர்வேயர் மேல் ஓரத்தை மெதுவாகப் பிரித்தார். ரேடியோ தலையை நீட்டிப் படித்தாள்.

“புதன்கிழமைப் பேப்பர். செத்துப் போனாரே, அன்னிக்கு வந்தது.”

அவள் தேதியை இன்னொரு தடவை படித்தாள். ஞாயிற்றுக்கிழமை ஒட்டிய காகிதத்தில் புதன்கிழமைச் செய்தி வராது. அப்படியானால் தம்பி பொய் சொல்லியிருக்கிறான், கார் கொட்டகையை விட்டுப் போயிருக்கிறது. இன்ஸ்பெக்டர் இதைப் பார்த்தால் கோர்ட்டுக்கு நாளை வரை காத்திருக்க மாட்டார் என்று ரேடியோ முணுமுணுத்தாள்.

அக்கா தூணைப் பிடித்துக்கொண்டாள். இப்போதாவது அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. குடத்தில் தண்ணீர் தீர்ந்துவிட்டதே, பிடித்து வைக்க வேண்டும் என்றுதான் தோன்றியது.

சர்வேயர் அவசரப்படவில்லை. வழக்கத்துக்கு மாறாக நீளமாகவே பேசினார். ஓட்டுகிறவர் பக்கத் தாள் ஒன்றைத்தான் பிய்த்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் பிய்த்தால் எல்லாவற்றையும் மறுபடி ஒட்ட வேண்டுமே, அந்தச் சிக்கனம். பிய்த்தபோது முதல் பூச்சின் கசிவும் தாளோடு உரிந்து வந்துவிட்டது. அதாவது அந்த ஆள் பாதிக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு, விளக்கும் இல்லாமல் ஓட்டியிருக்கிறான். இடிபட்ட மூலை எந்தப் பக்கம்? காகிதம் மூடியிருந்த பக்கம். அந்தக் காவலாளியை அவன் பார்த்தே இருக்க மாட்டான்.

“திரும்பி வந்து இந்த ஒரு தாளை மட்டும் புதுசா ஒட்டியிருக்கான்” என்று முடித்தார். “சரி, உங்க தம்பி இப்படி மடிச்சு ஒட்டுவாரா?”

கேட்டுக்கொண்டே தாளை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார்.

மடிப்பு நெடுகிலும், இரண்டு விரல் இடைவெளியில், பொட்டுப் பொட்டாக வெளிச்சம் தெரிந்தது. குண்டூசித் துளைகள். ஒட்டுவதற்கு முன் தாள் நழுவாமல் இருக்க ரப்பரோடு சேர்த்து ஊசி குத்தி நிறுத்தியிருக்கிறார்கள், தைப்பதற்கு முன் துணியை நிறுத்துவது போல.

ரேடியோ வாயைத் திறந்தாள். முன்பக்கத்திலிருந்து மிஷின் சத்தம் வந்துகொண்டிருந்தது. அவள் அந்தப் பக்கம் ஒரு தரம் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள், திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

அக்காவுக்கு அந்தத் துளைகள் தேவைப்படவே இல்லை. மடிப்பைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அரை விரல் அகலம் மடித்து, அதையே இன்னொரு தரம் மடித்து, கட்டை விரல் நகத்தால் அழுத்தி ஒரே இழுப்பு. பதினாறு வருடமாக அப்படி மடித்துக் கொடுத்த துணிகளுக்குத்தான் அவள் சாயங்காலங்களில் ஓரம் தைத்துக்கொண்டிருக்கிறாள். ஆயிரம் பேர் மடித்துப் போட்டாலும் அதை மட்டும் தனியாக எடுத்துவிடுவாள்.

தெரிந்த பிறகு மற்றதெல்லாம் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தது. அந்தப் புதன்கிழமை, பள்ளிச் சீருடை இரண்டு மூட்டை. விடிந்ததும் பள்ளி வாசலில் இருக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். மொபெட்டுக்கு முதல் நாள்தான் செயின் அறுந்தது. அவள் எழுந்தபோது மூட்டைகளும் இல்லை, அவரும் இல்லை. வந்தவர் பள்ளி வேனே வந்து ஏற்றிக்கொண்டது என்றார். அவளும் சரி என்றாள். கார்ச் சாவி சமையலறை ஆணியில் எப்போதும் போலத்தான் தொங்கியது. தம்பி எட்டு மணிக்கு முன்னால் கண் விழித்ததே கிடையாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தம்பி ரோலரும் கையுமாக நின்று அவளைக் கூப்பிட்டுக் காட்டினான். “பாருக்கா, இந்த ஒரு தாளை என்ன அழகா ஒட்டியிருக்கேன்னு. எனக்கே ஞாபகம் இல்ல.” அவள் அருகில் போய்ப் பார்க்கவில்லை. தரைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள்.

சர்வேயர் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். தாளை அவளிடமே நீட்டினார்.

“இது உங்க வீட்டுத் தாள், எனக்கு வேலை கொடுத்ததும் நீங்க. துளை இருக்கு, தேதி இருக்குன்னு நான் எழுதிக் கொடுக்கலாம். யார் மடிப்புன்னு எனக்குச் சொல்லத் தெரியாது. தெரிஞ்சவங்க சொன்னாத்தான் உண்டு.”

சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று அவள் கேட்டாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது, கடைக்காரனிடம் விலை கேட்பது போல. சொல்லாவிட்டால் அந்தப் புதன்கிழமைத் தேதி தம்பி தலையில் விழும் என்றார் அவர். அடுப்பில் போட்டுவிட்டால் தேதியும் இருக்காது, தம்பிக்கு உதவ ஒன்றும் இருக்காது. எப்படியும் அவன் நாளைக்குப் பெரிய சிறைக்குப் போவான்.

ரேடியோ, “அக்கா, கொஞ்சம் தண்ணி குடிக்கிறீங்களா?” என்று மட்டும் கேட்டாள். பஸ் நிலையத்தில் ஏழு வருடம் கத்திய குரல் அது என்று யாரும் நம்ப மாட்டார்கள்.

அக்கா தாளை வாங்கிக்கொண்டாள். வீட்டுக்குள் நுழைந்து, சமையலறையைத் தாண்டி, கடைக்குள் போனாள். அடுப்பைத் தாண்டும்போது கால் நிற்குமா என்று அவளே பார்த்தாள். நிற்கவில்லை. சர்வேயரும் ரேடியோவும் பின்னால் வந்து கதவோரம் நின்றார்கள்.

அவள் கணவர் கழுத்தில் அளவு நாடாவோடு ஒரு சட்டைக் கையை ஊசிக்குக் கீழே ஓட்டிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் மிஷின் நின்றது.

“ஏதாவது கிடைச்சுதா?” என்று கேட்டார். அந்த ஆவலில் ஒரு கலப்படமும் இல்லை. அதுதான் அவளுக்கு என்னவோ செய்தது, பன்னிரண்டு நாளில் முதல் தடவையாக நெஞ்சுக்குள் எங்கோ ஒரு சின்ன வலி.

அவள் தாளை மிஷின் பலகையில் விரித்து வைத்தாள். தேதி பார்க்கச் சர்வேயர் பிரித்த மேல் ஓரம் மடிப்பு கலைந்து தூக்கிக்கொண்டு நின்றது.

அவர் தாளைப் பார்த்தார். என்ன தாள் என்று முகத்துக்குப் புரிவதற்கு முன்னால் கை வேலையைத் தொடங்கிவிட்டது. தூக்கிக்கொண்டு நின்ற ஓரத்தை இடது கை நீவி விட்டது. வலது கை அரை விரல் மடித்தது, மறுபடி மடித்தது. கட்டை விரல் நகம் பழைய மடிப்பிலேயே அழுத்தி இழுத்துக்கொண்டு போனது. பாதி தூரம் போய் நின்றது.

நகம் நின்ற இடத்தில் ஒரு குண்டூசித் துளை. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கதவோரம் நின்ற இருவரையும் பார்த்தார், கடைசியாகத்தான் அவளைப் பார்த்தார்.

“அந்தப் பக்கம் தெரியல” என்றார். “காகிதம் ஒட்டியிருந்துச்சு. ஏதோ கல்லுன்னு நினைச்சேன். மறுநாள் பேப்பரைப் பார்த்துத்தான் தெரிஞ்சது. சொல்லணும் சொல்லணும்னுதான் தினமும் டிபனை எடுத்துக்கிட்டு ஸ்டேஷனுக்குப் போனேன். உன் தம்பி சாப்பிடறதைப் பார்த்துட்டுத் திரும்பி வந்துடுவேன்.”

“உன் தம்பி” என்று அவர் இதற்கு முன் சொன்னதில்லை. எப்போதும் “நம்ம பையன்” என்பார்.

அவள் கத்தவில்லை. அவரும் அவள் கத்துவாள் என்றுதான் காத்திருந்தார் போலிருக்கிறது, தோள்களைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் மிஷினின் ஸ்விட்சை அணைத்தாள். ஊசிக்குக் கீழே கிடந்த சட்டைக் கையை எடுத்து உதறி ஓரமாக வைத்தாள். அவர் கழுத்திலிருந்த அளவு நாடாவை உருவி, சுருட்டி, இழுப்பறைக்குள் போட்டு மூடினாள்.

“கிளம்புங்க” என்றாள். “அவன் இன்னிக்குச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துடணும்.”

அவர் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார். வாசலைத் தாண்டும்போது பழக்கத்தில் டிபன் பையை எடுக்கக் கை நீட்டினார். அதை அவருக்கு முன்னால் அவள் எடுத்துக்கொண்டாள். இனிமேல் அதைத் தினமும் கொண்டு போகப் போகிறவள் அவள்தான்.